வாட்டர் பம்ப் இறக்கிவிட்ட ஊர்

செப்டம்பர் 14, வியாழன். ஹோம்ஸ்டேக் கணவாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் தொடரில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வராது. வெந்நீர் ஊற்றும் காட்டெருமையும் பார்க்கலாம் என்று வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நாங்களும் கிட்டத்தட்ட இங்கேதான் இறங்கினோம்.

அக்கா மகன் கதிர் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவன் நான். "ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு நல்ல இடமாவது பாத்துடணும் மாமா" என்று லீவு போட்டான். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அவன் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரையை மிசூலா தாண்டி ஒரு மரநிழலில் தின்றோம். அதுவரை எல்லாம் சரி. மொன்டானா மாநிலத்தில் பியூட் என்ற ஊரைக் கடந்து மலை ஏறும்போது வண்டியின் சூட்டு முள் சிவப்புக்குப் போனது. அப்புறம் முன்பக்கம் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி.

ஓரம் கட்டிப் பத்து நிமிடம் ஆகவில்லை, ஒரு பெரிய பிக்கப் லாரி பின்னால் வந்து நின்றது. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு கேன் தண்ணீரை இறக்கி வைத்தார், கீழே குனிந்து பார்த்தார், "வாட்டர் பம்ப்" என்றார். இழுவை வண்டி வரும்வரை தன் லாரிக்குள் உட்கார்ந்து காத்திருந்தார். அது வந்ததும் ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். பெயர்கூடத் தெரியாது.

இழுவைக் கூலி 140 டாலர். மெக்கானிக் பார்த்துவிட்டு, பம்ப் வெளியூரிலிருந்து வரவேண்டும், நடுவில் சனி ஞாயிறு இருக்கிறது, செவ்வாய்தான் வண்டி கிடைக்கும் என்றார். பூங்காவுக்குள் போட்டிருந்த அறைக்கான பணம் திரும்பாது. கதிர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மோட்டல் அறை 96 டாலர், வரி தனி. ராத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஊருக்குள் அங்கங்கே சிவப்பு விளக்கு போட்ட இரும்புக் கோபுரங்கள். சுரங்கத்துக்குள் ஆளையும் தாதுவையும் ஏற்றி இறக்கிய சட்டங்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பேர் தூக்குமரம்.

செப்டம்பர் 15, வெள்ளி. பியூட்

காலையில் 2 டிகிரி. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 5,500 அடி உயரம் என்பதை நான் கொண்டுவந்த ஸ்வெட்டருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய துணிக்கடையில் கம்பளிக் கையுறை 4 டாலர் என்று போட்டிருந்தது, கல்லாவிலும் 4 டாலர்தான் வாங்கினார்கள். மொன்டானாவில் விற்பனை வரி கிடையாதாம். இரண்டு மாதமாகச் சீட்டில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று கொடுத்துப் பழகியவனுக்கு இது ஒரு சின்ன சந்தோஷம்.

பியூட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் கையை நீட்டுவது ஒரு குழியை. பெர்க்லி பிட். 3 டாலர் கொடுத்து ஒரு சுரங்கவழி வழியாக நடந்தால் மறுமுனையில் பார்வை மேடை. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், சுமார் 540 மீட்டர் ஆழம். 1955இல் செம்புக்காகத் தோண்ட ஆரம்பித்து 1982இல் நிறுத்தினார்கள். பிறகு அடியில் ஊறிய நீர் ஏறி ஏறி, அமிலமும் உலோகமும் கலந்த ஏரி ஆகிவிட்டது. தண்ணீர் துருவும் பச்சையும் கலந்த ஒரு நிறம். 1995இல் இதில் இறங்கிய பனிவாத்துக்கள் நூற்றுக்கணக்கில் செத்தன, 2016இல் ஆயிரக்கணக்கில். அதனால் பறவை கண்ணில் பட்டால் வெடிச்சத்தம் போட்டு விரட்டுகிறார்கள். நாங்கள் நின்றபோதும் ஒரு வெடி கேட்டது. கதிர் திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான், அப்புறம் உடனே விட்டுவிட்டான்.

மத்தியானம் பேஸ்டி. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள் கொண்டுவந்த பண்டம். மாவுக்குள் இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் வைத்து மடித்துச் சுட்டது, கையகலத்துக்கு மேல். பூமிக்கு அடியில் டப்பாவைத் திறக்கும்போது இதை 'வீட்டிலிருந்து வந்த கடிதம்' என்பார்களாம். மாட்டிறைச்சி வேண்டாம் என்றதும் பரிமாறிய அம்மா யோசித்து, காய்கறி போட்டது ஒன்று மிச்சம் இருக்கிறது என்று எடுத்துவந்தார். 9 டாலர். மிளகு மட்டும் தாராளம். உப்பு நாம்தான் போட்டுக்கொள்ளவேண்டும்.

சாயங்காலம் குளிர் தாங்காமல் நுழைந்த இடம்தான் இந்தப் பயணத்தைத் திருப்பியது. குவார்ட்ஸ் தெருவில் பழைய தீயணைப்பு நிலையத்தை ஊரின் ஆவணக்காப்பகமாக மாற்றியிருக்கிறார்கள். கட்டணம் இல்லை, உள்ளே கதகதப்பு. என்ன பார்க்க வேண்டும் என்று மேசையில் இருந்தவர் கேட்டார். வாட்டர் பம்ப் வரும்வரை எதையாவது என்றேன். சிரித்துவிட்டு, "அப்படியானால் தேர்தல் பாருங்கள், நீளமாகப் போகும்" என்றார்.

நான் அரசுப் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் தேர்தல் டியூட்டி பார்த்திருக்கிறேன். விரலில் மை வைத்தே என் விரலும் கறுத்துப்போன காலம் உண்டு. தேர்தல் என்ற வார்த்தையைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 16, சனி. கிளார்க் வீடு

கிரானைட் தெருவில் சிவப்புச் செங்கல் மாளிகை, 34 அறை. 1880களில் கட்டியது. இப்போது மேலே விருந்தினர் தங்குகிறார்கள், மற்றவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். கட்டியவர் வில்லியம் ஆண்ட்ரூஸ் கிளார்க். செம்புச் சுரங்கம், வங்கி, செய்தித்தாள் எல்லாம் அவருடையது. அப்போது உலகத்துக்கு மின்சாரக் கம்பி தேவைப்பட்ட நேரம், இந்த மலைக்கு அடியில் செம்பு. பணம் எப்படிக் கொட்டியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படிக் கைப்பிடியை எல்லோரும் தொட்டுக்கொண்டே ஏறினார்கள், நானும் தொட்டேன். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் கை பட்டுப் பட்டு, செதுக்கிய பூ ஒன்றின் இதழ் மழுங்கி, புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தது. மேல்தளத்தில் நடன மண்டபம். பிற்காலத்தில் கன்னியாஸ்திரிகள் இந்த வீட்டில் இருந்தார்களாம்.

இவ்வளவு வைத்திருந்த மனிதருக்கு ஒன்று குறைந்தது. செனட்டர் பட்டம்.

அந்தக் காலத்தில் அமெரிக்க செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போடுவார்கள். நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. ராஜ்ய சபாவுக்கு எம்எல்ஏக்கள் ஓட்டுப் போடுவதுதான். மொத்தம் நூறு பேர்கூட இல்லாத சபை என்றால், லட்சம் பேர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை, ஐம்பது கதவு போதும்.

கிளார்க்குக்கு ஒரு பரம எதிரி, மார்கஸ் டேலி. அயர்லாந்திலிருந்து வந்து, அனகோண்டா சுரங்கத்தை வைத்துப் பக்கத்தில் ஒரு ஊரையே எழுப்பியவர். இரண்டு பேரும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி. 1888இல் கிளார்க் நின்ற தேர்தலில் டேலியின் ஆட்கள் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டுக் கவிழ்த்தார்கள். 1894இல் மாநிலத் தலைநகர் எது என்று ஓட்டெடுப்பு வந்தபோது டேலி அனகோண்டாவுக்கு, கிளார்க் ஹெலனாவுக்கு. இரண்டு பக்கமும் பணத்தை இறைத்ததில் ஹெலனா 2,000க்கும் குறைந்த ஓட்டில் ஜெயித்தது.

1899 ஜனவரி 10ஆம் தேதி செனட்டருக்கான முதல் சுற்று ஓட்டெடுப்பு. கிளார்க்குக்கு விழுந்தது 7. ஜனவரி 28ஆம் தேதி அவருக்கு விழுந்தது 54. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர்களே பாதிக்கு மேல் அவர் பக்கம் வந்துவிட்டார்கள். நடுவில் பதினெட்டு நாள்.

ஹெலனா ஹோட்டல்களில் அறைக்கதவுக்கு மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகக் கவர் உள்ளே விழும் என்று இங்கே ஒரு ஊர்க்கதை. கவர் என்ற சொல்லுக்கு நம்ம ஊரில் என்ன அர்த்தம் என்று கதிரிடம் கேட்டேன். அவன் சியாட்டில் போய்ப் பத்து வருடம் ஆனாலும் அது மட்டும் மறக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று ஆவணக்காப்பகத்தில் அந்த மாதத்துச் செய்தித்தாள்கள் இரண்டை அடுத்தடுத்துப் பார்த்தேன். 'பியூட் மைனர்' கிளார்க்குடையது. 'அனகோண்டா ஸ்டாண்டர்ட்' டேலியுடையது. ஒன்றில் இது மானமுள்ள மனிதர்மேல் பின்னிய சதி. இன்னொன்றில் பட்டப்பகல் வியாபாரம். ஒரே செய்தி, ஒரே தேதி. பேப்பர் நாற்றமும் ஒன்றுதான்.

இரவு போர்க் சாப் சாண்ட்விச். மாவில் தோய்த்துப் பொரித்த பன்றித் துண்டு, ஊறுகாய், கடுகு, வெங்காயம். கதிர் இரண்டு தின்றான். கோபம் குறைந்துவருகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு. மழையும் ஒரு பெரியவரும்

விடிந்ததிலிருந்து மழை, நடுநடுவே ஆலங்கட்டி. கடைகள் பாதி மூடியிருந்தன. வெஸ்ட் பார்க் தெருவோடு மேற்கே நடந்து சுரங்கக் கல்லூரி வாசல்வரை போனேன். அங்கே டேலிக்குச் சிலை இருக்கிறது, செய்தவர் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி நிற்கிறார். மூக்கு நுனியில் மழைத்துளி சேர்ந்து விழுந்துகொண்டே இருந்தது. கிளார்க்குக்கு அப்படி ஒரு சிலை என் கண்ணில் படவில்லை.

நனைந்து ஒரு சின்ன உணவகத்தில் நுழைந்தேன். கவுண்டரில் பக்கத்து ஸ்டூலில் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது கை சுண்டுவிரலில் பாதி இல்லை. எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன். இந்தியாவிலிருந்து பியூட்டைப் பார்க்கவா என்றார். பம்ப் கதையைச் சொன்னதும் தோளைத் தட்டி ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழம் வைத்துச் சுட்ட 'பை' ஒன்று எனக்கு வாங்கிக் கொடுத்தார். நாவல்பழத்தைத் தேனில் ஊறவைத்த மாதிரி ஒரு ருசி, நாக்கும் அதே நிறம். கிளார்க் வீட்டைப் பார்த்தேன் என்றதும், "கவர்னரை ஊரைவிட்டு அனுப்பின கதை சொன்னார்களா?" என்றார். அவர் சொன்ன விதத்திலேயே எழுத ஆசை, ஆனால் பாதி அவர் கையால் சொன்னது.

கிளார்க் ஜெயித்து வாஷிங்டன் போய் உட்கார்ந்தார். டேலி ஆட்கள் விடவில்லை, செனட்டுக்கு மனு போட்டார்கள். 1900இல் செனட் குழு மாதக்கணக்கில் விசாரித்தது. இந்த உறுப்பினருக்குக் கடன் அடைந்தது எப்படி, அந்த உறுப்பினருக்குக் கையில் காசு வந்தது எப்படி என்று ஒவ்வொருவராகக் கேட்டது. கடைசியில் இந்தத் தேர்தல் செல்லாது என்று ஒருமனதாகப் பரிந்துரைத்தது. சபை ஓட்டெடுப்புக்குப் போகும் முன் மே 15ஆம் தேதி கிளார்க் கண்ணீரோடு பேசி ராஜினாமா செய்தார்.

இதுவரை சாதாரணம். செனட்டர் இடம் காலியானால் நிரப்ப கவர்னருக்கு அதிகாரம். மொன்டானா கவர்னர் ராபர்ட் ஸ்மித் கிளார்க்குக்கு ஆகாதவர். ஆனால் அந்த நாளில் அவர் மாநிலத்திலேயே இல்லை. ஒரு சுரங்க வழக்கு விஷயம் என்று நைசாகப் பேசி கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். கவர்னர் எல்லை தாண்டினால் துணை கவர்னர்தான் பொறுப்பு. துணை கவர்னர் ஸ்ப்ரிக்ஸ் கிளார்க்கின் ஆள். அவர் ஒரு கட்சி மாநாட்டிலிருந்து ரயிலேறி ஓடிவந்து, ராஜினாமாவால் காலியான இடத்துக்கு ஒருவரை நியமித்தார். யாரை? ராஜினாமா செய்த கிளார்க்கையே!

பெரியவர் இந்த இடத்தில் ஸ்பூனால் தட்டைத் தட்டினார். சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

கவர்னர் பதறித் திரும்பி வந்து அந்த நியமனத்தை ரத்து செய்து, மார்ட்டின் மகின்னிஸ் என்பவரை நியமித்தார். ஒரு நாற்காலிக்கு இரண்டு கடிதம். செனட் இருவரையும் உட்கார விடவில்லை. இடம் காலியாகவே கிடந்தது.

"அவ்வளவு அசிங்கப்பட்டும் அடுத்த தேர்தலில் அவர் எப்படி ஜெயித்தார்?" என்று கேட்டேன். பெரியவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"எட்டு மணி நேரம்" என்றார்.

பியூட்டில் சுரங்கக் கூலி ஒரு நாளைக்கு மூன்றரை டாலர், வேலை பத்து மணி நேரம். 1900 ஜூனில் கிளார்க்கும், ஹைன்ஸ் என்ற இன்னொரு சுரங்க முதலாளியும், தங்கள் சுரங்கங்களில் கூலி குறையாமல் எட்டு மணி நேர வேலை என்று அறிவித்தார்கள். டேலியின் கம்பெனி முந்திய வருடம்தான் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற பெரிய எண்ணெய்க் கம்பெனியின் முதலாளிகள் கைக்குப் போயிருந்தது. அவர்கள் மறுத்தார்கள். அப்புறம் என்ன, ஊர் முழுக்கக் கிளார்க் ஊர்வலம். அவருக்கு வேண்டியவர்கள் சட்டமன்றத்தை நிரப்பினார்கள். டேலி அந்த நவம்பரிலேயே நியூயார்க்கில் இறந்துபோனார். 1901 ஜனவரியில் சட்டமன்றம் கிளார்க்கை மறுபடி செனட்டராக்கியது. இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. அதே வருடம் சுரங்கங்களுக்கு எட்டு மணி நேரம் என்று மாநிலச் சட்டமே வந்துவிட்டது.

"என் தாத்தா அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பாட்டியைச் சந்தித்தார்" என்றார் பெரியவர். பொய்யாகக்கூட இருக்கலாம். சொன்ன முகம் அப்படி.

கிளார்க் ஊருக்கு கொலம்பியா கார்டன்ஸ் என்று ஒரு பூங்காவும் கொடுத்திருந்தார், 1899இல். பெரியவர் சின்னப் பையனாக இருந்தபோதும் வியாழக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவசப் பயணம், பூப்பறித்துக்கொள்ள அனுமதி. பான்ஸிப் பூ பறித்து அம்மாவுக்குக் கொண்டுபோவாராம். 1973இல் அதை மூடிச் சுரங்கக்குழியை நீட்டினார்கள். "அந்தச் சுரங்கத்தில் நானும் வேலை பார்த்தேன்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மனசில் இது சரியாக உட்கார மறுக்கிறது. கவரில் பணம் வைத்தது லஞ்சம். எட்டு மணி நேரமும் ஓட்டு வாங்கக் கொடுத்ததுதான், அதில் சந்தேகமே இல்லை. ஜெயித்ததும் கிளார்க் ஹைன்ஸைக் கழற்றிவிட்டு அதே ஸ்டாண்டர்ட் ஆயில் ஆட்களோடு சமாதானமாகிவிட்டார். ஆனால் அவர் வாங்கியதெல்லாம் போன பிறகும் அந்த இரண்டு மணி நேரம் தொழிலாளி கையில் தங்கிவிட்டது. இதற்கு என்ன பேர் வைப்பது என்று மோட்டல் வரை யோசித்துக்கொண்டே வந்து, தெருப் பெயரைத் தவறவிட்டு இரண்டு முறை சுற்றினேன்.

செப்டம்பர் 18, திங்கள். ஹெலனா

இன்றைக்குத்தான் வாடகைக் கார் கிடைத்தது. ஒரு நாளைக்கு 71 டாலர். கதிர் உற்சாகமாகிவிட்டான். "மாமா, ரெண்டரை மணி நேரந்தான். ஒரு வெந்நீர் ஊற்றாவது பாத்துட்டு ராத்திரி திரும்பிடலாம்" என்றான்.

நான் தயங்கித் தயங்கி, "மாப்ள, ஹெலனாவுக்குப் போவோமா?" என்றேன்.

"அங்க என்ன மாமா இருக்கு?"

"ஒரு பழைய கோர்ட்டு."

ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசாமல் இருந்தான். பிறகு வண்டியை வடக்கே திருப்பினான். வழியில் பாட்டும் போடவில்லை.

ஹெலனா 110 கிலோமீட்டர். நேற்றைய மழைக்கு மலை உச்சியில் வெள்ளை பூசியிருந்தது. பிராட்வேயில் சாம்பல் நிறக் கல்லில் நிற்கிறது கவுண்ட்டி நீதிமன்றம், நம்ம ஊர் மாவட்டக் கோர்ட்டு மாதிரி. புதுச் சட்டமன்றக் கட்டடம் 1902இல் தயாராகும்வரை மாநில ஆட்சி இங்கேதான் நடந்தது.

ஃபிரெட் வைட்சைட் என்று ஒரு மாநில செனட்டர், ஃபிளாட்ஹெட் பகுதிக்காரர். கிளார்க் ஆட்களிடம் நானும் வருகிறேன் என்று பேச்சுக் கொடுத்து, தனக்கும் இன்னும் சிலருக்கும் சேரவேண்டிய கவர்களை வாங்கிக்கொண்டார். முதல் ஓட்டெடுப்பு நடக்க இருந்த ஜனவரி 10ஆம் தேதி, சபை முன்னால் அதைப் பிரித்துக் காட்டச் செய்தார். ஆயிரம் டாலர் நோட்டு முப்பது. மூன்றரை டாலர் கூலிக்காரனுக்கு ஒரு நோட்டே ஒரு வருடச் சம்பளம்.

முப்பது நோட்டை மேசையில் பார்த்த பிறகுதான் அந்த 7 என்ற எண். பார்த்த பிறகும்தான் அந்த 54. இதுதான் எனக்கு ஆறவில்லை. விசாரித்த உள்ளூர் ஜூரி, ஆதாரம் போதாது என்றது. பணம் டேலியே வைத்த பொறி என்றார்கள் கிளார்க் தரப்பில். வைட்சைட் ஜெயித்த தேர்தலையே கிளறி அவரைச் சபையைவிட்டு வெளியேற்றினார்கள். நடுவில் நின்று காரியம் பார்த்த கிளார்க்கின் வக்கீல் வெல்கம் மட்டும் அந்த வருடக் கடைசியில் தொழில் செய்யும் உரிமையை இழந்தார்.

தேர்தல் டியூட்டியில் ஒரு தடவை, வாக்குச்சாவடி வாசலில் கிடந்த கவர் ஒன்றை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தேன். உள்ளே 200 ரூபாய். "சார், இதை எதுக்கு எடுத்தீங்க" என்று அவர் என்னைத்தான் கோபித்தார். கதிரிடம் இதைச் சொன்னேன். காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தான்.

அப்புறம் சட்டமன்றக் கட்டடம். கோபுரக் கூரை செம்புத் தகடு, வேறென்ன. உள்ளே கட்டணம் இல்லை. சுற்றிப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள், யாரும் அதட்டவில்லை. கீழ்ச்சபையில் சபாநாயகர் இருக்கைக்குப் பின்னால் சார்லஸ் ரஸ்ஸல் 1912இல் வரைந்த பெரிய ஓவியம். குதிரை மேல் பூர்வகுடிகள் பாய்ந்து வருகிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பெண் ஜெனட் ரேங்கினுக்கும் சிலை உண்டு. அவர் ஜெயித்தது 1916இல், இந்த மாநிலத்தில்தான்.

அந்த 1912 இன்னொரு விதத்திலும் முக்கியம். கம்பெனிகள் தேர்தலில் பணம் போடக்கூடாது என்று மொன்டானா மக்களே மனுப்போட்டு, ஓட்டெடுப்பில் சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம், 1913இல், செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 17ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நாடு முழுக்க வந்தது. அதற்கு வாதாடியவர்கள் வரிசையாகச் சொன்ன உதாரணங்களில் கிளார்க்கும் ஒருவர். மொன்டானா சட்டம் நூறு வருடம் நின்றது. 2011 கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் கிளார்க் காலத்துக் கதையை எழுதிக்காட்டி, எங்களுக்கு இந்தச் சட்டம் ஏன் வேண்டும் தெரியுமா என்றது. 2012 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

திரும்பும்போது பெட்ரோல் போட நின்ற இடத்தில் கதிர் தன் போனில் தேடிவிட்டு, "மாமா, லாஸ் வேகாஸ் இருக்குற கவுண்ட்டி பேரு கிளார்க்காம். இந்தாளு பேருதானாம்" என்றான். ஆமாம், அவர் போட்ட ரயில்பாதையில் முளைத்த ஊர் அது. "நாம அங்கயே போயிருக்கலாம்" என்றான். சமாதானம் ஆகிவிட்டான் என்று தெரிந்தது.

செப்டம்பர் 19, செவ்வாய். திரும்பல்

வண்டி பத்து மணிக்குத் தயார். 612 டாலர். மெக்கானிக் பழைய பம்பை அட்டைப்பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்து, எங்கே ஒழுகியது என்று காட்டினார். தெர்மோஸ்டாட்டும் மாற்றவேண்டும் என்று முதலில் எழுதியிருந்தாராம். பிரித்துப் பார்த்தால் நன்றாக இருந்தது என்று 38 டாலரை அடித்துவிட்டிருந்தார். கதிர் கூடுதலாக 20 டாலர் நீட்டினான். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "பத்திரமாகப் போங்கள்" என்று உள்ளே போய்விட்டார்.

மிசூலா தாண்டியதும் சாத்தூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அங்கே ராத்திரி ஒரு மணி, தூக்கம் வரவில்லையாம். எருமை பார்த்தாயா என்றாள். "மாமா எருமையை விட்டுட்டு கோர்ட்டு பாத்தாங்கம்மா" என்று கதிர் போனை ஸ்பீக்கரில் போட்டான். சரி என்று கதையை முதலிலிருந்து சொன்னேன். கவர், ஊரைவிட்டு அனுப்பிய கவர்னர், எட்டு மணி நேரம், எல்லாம். அக்கா உம் கொட்டிக்கொண்டே கேட்டாள்.

"கடைசியில அவன் ஜெயிச்சானா இல்லையாடா?"

"ஜெயிச்சான்க்கா. ஆறு வருசம் இருந்தான்."

"பணம் குடுத்தது?"

"குடுத்ததுதான்."

"தலைக்கு எவ்வளவு?"

ஆளுக்கு ஆள் வேறக்கா என்று ஆரம்பித்தேன். அதற்குள் லுக்அவுட் கணவாய் வந்து சிக்னல் போய்விட்டது.